காகிதத்தைப் பார்த்துக் காப்பியடித்த கதை



நான் ஒரு கறுப்பு வெள்ளைப் பலகையில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கும் படத்தை மகள் இங்கே போட்டாலும் போட்டாள், கேள்விகள் குவிந்துவிட்டன. "சார், அது ஐபேடா?" "ஐயா, பையன் பிளஸ் டூ படிக்கிறான், வாங்கித் தரலாமா?" "மாமா, அதில் வாட்ஸ்அப் வருமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினால் ஒரு மாதம் ஆகும். அதனால் வரலாற்று வாத்தியார் வழக்கப்படி, அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஒரு பொருளின் வரலாறு தெரிந்தால், அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்பது பாதி விளங்கிவிடும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அது ஐபேட் அல்ல. இ-இங்க் டேப்லெட். உங்களில் பலரிடம் கிண்டில் இருக்கும். அதே வகைத் திரைதான். கூடவே பேனாவால் எழுதவும் முடியும்.

ஒரு சாதாரண 80 பக்க நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது தானாக ஒளி வீசாது. அறையில் இருக்கிற வெளிச்சத்திலேயே தெரியும். இது முதல் குணம். எழுதியது அழியாமல் நிற்க மின்சாரம் வேண்டாம். இது இரண்டாவது. பேனா முனை போகிற இடத்தில், போகிற கணத்திலேயே மை விழும். இது மூன்றாவது. நான்காவது, நாம் யோசித்துக்கூடப் பார்க்காதது: அந்த நோட்டைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்த நான்கையும் பிடிக்கப் பார்த்ததுதான் இந்தக் கருவியின் ஐம்பது ஆண்டு வரலாறு. முதல் மூன்றை ஏறக்குறையப் பிடித்துவிட்டார்கள். நான்காவதில்தான் சிக்கல் இருக்கிறது.

முதல் முயற்சிகளில் ஒன்று எங்கே நடந்தது தெரியுமா? ஜெராக்ஸ் நிறுவனத்தில். நாம் நகல் எடுப்பதற்கே "ஜெராக்ஸ் எடுப்பது" என்று பெயர் வைத்துவிட்டோமே, அதே நிறுவனம். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் அவர்களுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. மவுஸும் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் திரையும் கொண்ட ஆல்ட்டோ என்ற கணினியை 1973-ல் அங்கே உருவாக்கினார்கள். அதன் திரை மங்கல். அறை வெளிச்சத்தைக் குறைத்தால்தான் சரியாகத் தெரியும். அங்கே வேலை பார்த்த நிக்கோலஸ் ஷெரிடன் என்ற இயற்பியலாளர், வெளிச்சம் கூடக் கூட நன்றாகத் தெரிகிற திரை ஒன்று வேண்டும் என்று நினைத்தார். காகிதம் அப்படித்தானே தெரிகிறது?

பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக மிகச் சின்ன உருண்டைகளைச் செய்து, ஒளி ஊடுருவும் ரப்பர் தாளில் எண்ணெய் நிரம்பிய குழிகளுக்குள் வைத்தார். மின்சாரம் கொடுத்தால் உருண்டை புரளும். வெள்ளை முகமோ கறுப்பு முகமோ மேலே வரும். ஜைரிகான் என்று பெயரிட்டார். ஆனால் நிறுவனம் அதை நெடுங்காலம் கிடப்பில் போட்டுவிட்டது. பல ஆண்டுகள் கழித்துத் தனிக் கிளை தொடங்கிக் கடைகளுக்கான அறிவிப்புப் பலகைகளாக விற்றுப் பார்த்தார்கள். 2005-ல் அதையும் மூடிவிட்டார்கள்.

அதே காலகட்டத்தில் ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனத்தின் இசாவோ ஓட்டா வேறு வழியில் போனார். சாயத் துகள்களை எண்ணெயில் மிதக்கவிட்டு, மின்சாரத்தால் மேலும் கீழும் இழுப்பது அவர் முறை. இன்றைய திரைகளின் அடிப்படை இதுதான். ஆனால் அன்று துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டின. ஒரு பக்கமாக ஒதுங்கின. திரை நீடித்து உழைக்கவில்லை.

இந்த முடிச்சு அவிழ்ந்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில், 1990-களின் பின்பாதியில். பேராசிரியர் ஜோசப் ஜேக்கப்சனுக்குக் கீழே ஜே.டி. ஆல்பர்ட், பாரெட் கொமிஸ்கி என்று இரண்டு பேர் வேலை செய்தார்கள். இருவரும் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்கள். (கடைசி பெஞ்சுக்காரர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) துகள்களை ஒரே குளத்தில் விட்டால்தானே ஒரு பக்கம் ஒதுங்கும்? தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்ணிய உறைகளைச் செய்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் எண்ணெயும் கொஞ்சம் துகளும் அடைத்துவிட்டார்கள். 1997-ல் இ-இங்க் நிறுவனம் பிறந்தது. 1998-ல் இந்தக் கண்டுபிடிப்பு 'நேச்சர்' இதழில் கட்டுரையாக வந்தது.

இன்றைய கறுப்பு வெள்ளைத் திரையின் ஒவ்வோர் உறையிலும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள் இரண்டும் உண்டு. ஒன்றுக்கு நேர் மின்னேற்றம், மற்றதற்கு எதிர் மின்னேற்றம். அடியில் மின்னழுத்தம் மாறும்போது ஒரு கூட்டம் மேலே வரும், மற்றது கீழே போகும். அதன் பிறகு மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். வெளிச்சத்தில் தெரிவது, மின்சாரமின்றி நிற்பது என்று காகிதத்தின் இரண்டு குணங்கள் ஒரே அடியில் கிடைத்துவிட்டன. 2004-ல் ஜப்பானில் சோனி லிப்ரியே வந்ததும், 2007 நவம்பரில் அமேசான் கிண்டில் வந்ததும் இதன் பலன்தான்.

இந்தக் கருவியின் குறைகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஐபேட் திரையில் மாறுவது ஒளி மட்டும். இங்கே உண்மையான துகள் உண்மையான எண்ணெயில் நீந்திப் போக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் இதில் சினிமா பார்க்க முடியாது. போன பக்கத்தின் நிழல் அடுத்த பக்கத்தில் லேசாகத் தங்கும். அதைத் துடைக்கத்தான் சில நேரம் திரை முழுவதும் ஒருமுறை கறுத்து வெளுக்கிறது. கடும் குளிரில் எண்ணெய் தடித்துவிடுவதால் திரை இன்னும் மந்தமாகும். பேட்டரி பல நாள் வருவதும் படம் ஓடாததும் ஒரே காரணத்தால்தான். ஒன்றை மட்டும் வாங்கி மற்றதை விட்டுவிட முடியாது.

இனி மூன்றாவது குணம், பேனா.

கணினியில் பேனாவால் எழுதும் ஆசை பழையது. 1993-ல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. நாம் எழுதுவதைப் படித்து அச்செழுத்தாக மாற்றித் தருவேன் என்றது அது. ஆனால் தப்புத் தப்பாகப் படித்தது. பத்திரிகைக் கார்ட்டூன்களிலும் தொலைக்காட்சியிலும் கேலிப்பொருளானது. 1998-ல் நிறுத்திவிட்டார்கள். 1996-ல் வந்த பாம் பைலட் வேறு தந்திரம் செய்தது. கருவிக்குப் புரிகிற மாதிரி நம் எழுத்தின் வடிவத்தை நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கென்றே தனி எழுத்து முறை வகுத்தார்கள். அது நன்றாகவே விற்றது. ஆனாலும் பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், கருவிக்காக மனிதன் எழுத்தை மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

இ-இங்க் டேப்லெட்டுகள் இந்த ஆசையைச் சற்றே தள்ளி வைத்தன. நீ எழுதியதைப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கில்லை, பத்திரமாக வைத்திருந்தால் போதும் என்றன. அந்த அடக்கமே அவற்றுக்குப் பலமானது. நமக்கும் அதில் ஒரு லாபம் உண்டு. புரிந்துகொள்ளாத கருவிக்கு எல்லா மொழியும் ஒன்றுதான். தமிழில் எழுதுங்கள், கணக்குப் போடுங்கள், வரைபடம் வரையுங்கள், கோலம் போடுங்கள். எல்லாம் அதற்குக் கோடுகள்தான்.

பிலிப்ஸ் நிறுவனத்திலிருந்து பிரிந்த ஐரெக்ஸ் என்ற நெதர்லாந்து நிறுவனம் 2006-ல் இலியட் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 8.1 அங்குல இ-இங்க் திரை. அடியில் ஜப்பானின் வாகாம் நிறுவனத் தொழில்நுட்பம். திரைக்குக் கீழே உள்ள தகடு மெல்லிய மின்காந்த அலையை அனுப்பும். பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். அதை வைத்துப் பேனா எங்கே இருக்கிறது என்று கருவி கண்டுகொள்ளும். அதனால் பேனாவுக்கு பேட்டரியே தேவையில்லை. யோசனை அருமை. ஆனால் கை முன்னே போகும், கோடு பின்னே வரும். 2010-ல் அந்த நிறுவனம் திவாலானது. 2013-ல் சோனி ஏ4 தாளை நெருங்கும் 13.3 அங்குலத் திரையில், 358 கிராம் எடையில் ஒன்றைக் கொண்டுவந்தது. அலுவலகங்களையும் பல்கலைக்கழகங்களையும் மனதில் வைத்துச் செய்தது. விலையும் அதற்கேற்ற விலை.

அந்தத் தாமதத்தையே முதல் எதிரியாக எடுத்துக்கொண்டவர்கள் நார்வேயின் ஆஸ்லோ நகரில் ரிமார்க்கபிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள். 2017-ல் வந்த அவர்களின் முதல் கருவியில், பேனா நகர்வதற்கும் கோடு தெரிவதற்கும் இடையே 55 மில்லிவினாடி என்றார்கள். 2020-ல் வந்த இரண்டாவது கருவியில் 21 மில்லிவினாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் கோடு இழுத்தால், 55 மில்லிவினாடியில் பேனா முனை ஐந்தரை மில்லிமீட்டர் முன்னே போயிருக்கும். 21 மில்லிவினாடியில் இரண்டு மில்லிமீட்டர்தான். அந்த மூன்றரை மில்லிமீட்டர்தான் பொம்மைக்கும் நோட்டுக்கும் உள்ள தூரம்.

துகளின் வேகத்தை அவ்வளவு எளிதில் கூட்ட முடியாதே, பிறகு எப்படிச் சாதித்தார்கள்? எழுதும்போது திரை முழுவதையும் மாற்றாமல் முனையைச் சுற்றிய சின்ன இடத்தை மட்டும் மாற்றுவார்கள். சாம்பல் நிறச் சாயல்களைத் தள்ளிவைத்து, கறுப்பு அல்லது வெள்ளை என்று அவசரமாகப் போடுவார்கள். நுணுக்கமெல்லாம் பிறகு. வகுப்பில் வேகமாக நோட்ஸ் எடுத்துவிட்டு வீட்டில் போய்த் திருத்தி எழுதுவோமே, அந்த மாதிரி.

இன்னொன்றும் செய்தார்கள். வழுவழுப்பான கண்ணாடியில் எழுதினால் பேனா சறுக்கும். கையெழுத்து கையெழுத்தாக இருக்காது. எனவே திரையின் மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கினார்கள். காகிதத்தில் எழுதும்போது வரும் அந்த உரசல் சத்தம்கூட வரும். அதற்கு விலையாகப் பேனாவின் முனை தேயும். அவ்வப்போது புது முனை வாங்க வேண்டும். சாக்பீஸ் தேயாமல் கரும்பலகையில் எழுத்து வருமா?

இன்னும் தீராத குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நிறம் தாமதமாகத்தான் வந்தது. கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் நிற வடிகட்டி போடுவது ஒரு வகை. அதில் திரை மங்கும், நிறப்படத்தின் துல்லியமும் குறையும். பல நிறத் துகள்களையே நீந்தவிடுவது இன்னொரு வகை. அதில் நேரம் கூடும். விளக்கும் அப்படித்தான். முன்பக்க விளக்குக்கு ஓர் அடுக்கு வைத்தால் பேனா முனைக்கும் மைக்கும் நடுவே இடைவெளி கூடும். ரிமார்க்கபிளின் முதல் இரண்டு கருவிகளிலும் விளக்கே கிடையாது. இரவில் மேஜை விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், நோட்டுக்குப் போடுகிற மாதிரி.

புத்தக ஓரத்தில் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சேதி. 2022-ல் அமேசான் பேனாவோடு கிண்டில் ஸ்க்ரைப் வெளியிட்டது. ஆனால் தொடக்கத்தில் கிண்டில் புத்தகத்தின் பக்கத்தில் நேரடியாக எழுத முடியாது. ஒட்டுச்சீட்டு மாதிரி ஒரு சிறு கட்டம் திறக்கும், அதில்தான் எழுத வேண்டும். காரணம் என்ன? மின்நூலில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் வரிகள் இடம் மாறும். நீங்கள் ஓரத்தில் போட்ட அம்புக்குறி அப்போது எந்த வரியைக் காட்டும்? பக்கம் என்று ஒன்று நிலையாக இருந்தால்தான் ஓரம் என்று ஒன்று இருக்கும். பிடிஎஃப் கோப்பில் பக்கம் மாறாது. அங்கே தாராளமாக எழுதலாம்.

இனி நான்காவது குணம். 2004-ல் வந்த லிப்ரியேயில், வாங்கிய புத்தகம் 60 நாட்களில் தானாகவே திறக்காமல் போய்விடும். திரை காகிதம் போல இருந்தது. உள்ளே இருந்தது வாடகைப் புத்தகம். 2009 ஜூலையில் இன்னொன்று நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலின் ஒரு பதிப்பை, உரிமை இல்லாத ஒருவர் கிண்டில் கடையில் விற்றுவிட்டார். தெரிந்ததும் அமேசான், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அந்தப் புத்தகத்தை அழித்துவிட்டது. அரசாங்கம் பழைய ஆவணங்களை அழிப்பதைப் பற்றிய நாவல் அது என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவர் அந்த நாவலுக்குக் கருவியிலேயே குறிப்புகள் எடுத்து வைத்திருந்தார். குறிப்புகள் மிஞ்சின, எந்த வரிக்கு எழுதிய குறிப்பு என்று காட்டப் புத்தகம் இல்லை. அவர் வழக்குப் போட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 1,50,000 டாலருக்குச் சமரசம் செய்தது. இனி இப்படிச் செய்வதில்லை என்று வரையறைகளுடன் ஒப்புக்கொண்டது. ஒரு மாணவனின் நோட்டு கைவிட்டுப் போனால் அவனுக்கு எப்படி இருக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

நாம் கையால் எழுதிய குறிப்புகளை யாரும் அப்படி அழிக்கவில்லை. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று கேட்க வேண்டும். பல கருவிகளில் நம் நோட்டுகளின் நகல் நிறுவனத்தின் கணினியில் இருக்கும். 2021-ல் ரிமார்க்கபிள் சில வசதிகளுக்கு மாதச் சந்தா கொண்டுவந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2022-ல் பலவற்றை இலவசமாக்கியது. ஐரெக்ஸ் போல நிறுவனமே மூடப்பட்டால், கருவியைப் பழுதுபார்க்கவும் ஆள் இருக்காது. இங்கே யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. காகிதம் செய்தவர் காகிதத்தை விற்றுவிட்டு நகர்ந்துவிட்டார். கருவி செய்தவர் நம் நோட்டின் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் போனால் நோட்டு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

எனக்கு இது வெறும் கேள்வி இல்லை. அடுத்த மாதம் நாங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனுடைய ஃபிளாட்டுக்குப் போகிறோம். இடம் குறைவு. என் டிரங்குப் பெட்டியில் 31 ஆண்டுப் பாடக்குறிப்பு நோட்டுகள் இருக்கின்றன. "எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி இதில் போட்டுவிடலாம் அப்பா, பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடலாம்" என்கிறான் மகன். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. சில நோட்டுகளை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. சிலவற்றில் மை வெளுத்துவிட்டது. காகிதமும் சாகாவரம் பெற்றதல்ல. பாதியை ஸ்கேன் செய்துவிட்டேன். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிகிறது. முப்பது கிலோ சமாச்சாரம் ஒரு கையில் நிற்கிறது. பழைய பக்கத்தின் மேலேயே புதுக் குறிப்பு எழுத முடிகிறது.

ஆனாலும் பெட்டி எங்களோடு ஃபிளாட்டுக்கு வருகிறது என்று முடிவு செய்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் இடம் பார்த்தாகிவிட்டது. 1991-ஆம் ஆண்டு நோட்டில் பானிபட் போர்க்களத்தை எனக்காக வரைந்து ஒட்டிய மாணவர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். அந்த வரைபடம் ஸ்கேனிலும் இருக்கிறது, பெட்டியிலும் இருக்கிறது. ஓலைச்சுவடி சிதைவதற்குள் புது ஓலையில் படியெடுத்து வைத்ததால்தான் பழைய நூல்கள் நம் கைக்கு வந்தன. எழுதப்பட்ட பொருள் எதுவானாலும் மிஞ்சுவதற்கு வழி ஒன்றுதான்: ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விகள்.

வாட்ஸ்அப்: ஆண்ட்ராய்டில் இயங்கும் சில இ-இங்க் கருவிகளில் வரும். ஆனால் அதற்காக இதை வாங்க வேண்டாம். உங்கள் போனே வேகமானது. வாட்ஸ்அப் இல்லாததுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

பிளஸ் டூ பையன்: வீடியோ வகுப்பு பார்க்கவும் வண்ணப்படத்தோடு உயிரியல் படிக்கவும் இது உதவாது. தேர்வும் காகிதத்தில்தான் எழுதப் போகிறான். நல்ல நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள். நிறைய பிடிஎஃப் படித்துக் குறிப்பெடுக்கும் ஆராய்ச்சி மாணவர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள் என்றால் யோசிக்கலாம்.

கண்ணுக்கு நல்லதா என்று கேட்ட அத்தைக்கு: எனக்கு இதமாக இருக்கிறது. அது என் அனுபவம் மட்டும். உங்கள் கண்ணுக்கு எது சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்கள் கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். சந்தா கட்டாவிட்டால் எந்த வசதி நிற்கும்? மாற்று முனை என்ன விலை? இணையம் இல்லாமல், ஒரு கேபிளை மட்டும் வைத்து என் நோட்டை பிடிஎஃப்பாக எடுக்க முடியுமா? மூன்றாவதற்கு "முடியாது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை எல்லா நோட்டையும் வீட்டுக் கணினியில் ஒரு படி, பென் டிரைவில் ஒரு படி எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கிற பக்கங்களைக் காகிதத்திலும் அச்செடுத்து வையுங்கள். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுக்கிற செலவுதான்.

அனைவருக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்